மச்சத்தைக் காட்டப் போனோம், வாழ்ந்த கதையைக் கேட்டார்கள்

முழு உடல் தோல் பரிசோதனை என்று ஒரு சேவை இருக்கிறது. உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை உடம்பில் உள்ள ஒவ்வொரு மச்சத்தையும் பார்த்து, சந்தேகப்படும்படி இருப்பதைப் பெரிதாக்கிப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, அடுத்த முறை போகும்போது பழைய படத்தோடு ஒப்பிடுவார்கள். நானும் என்னோடு வேலை பார்க்கும் தோழியும் போன மாதம் போய்வந்தோம். இடத்தின் பெயரை எழுதவில்லை. சில குறைகளும் சொல்ல வேண்டியிருக்கிறது, அப்புறம் இது ஒரே ஒரு இடத்தைப் பற்றிய விஷயமும் இல்லை, நீங்கள் எங்கே போனாலும் எதை வைத்து அந்த இடத்தை எடைபோடலாம் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். ஐந்துக்கு நான்கு தருவேன். அதில் மூன்று, படம் எடுக்கும் முன்பு டாக்டர் எங்களை உட்காரவைத்துக் கேட்ட கேள்விகளுக்கு.

போன காரணம் தோழியின் அம்மா. கெண்டைக்காலில் ரொம்ப நாளாக ஒரு கருப்புப் புள்ளி, யாரும் கண்டுகொள்ளவில்லை, ஒருநாள் காலுறை உரசி ரத்தம் கசிந்தபோதுதான் டாக்டரிடம் போயிருக்கிறார்கள். மெலனோமா, தோலில் வருகிற ஒரு புற்றுநோய். நல்லவேளையாக ஆழம் ஒரு மில்லிமீட்டரைத் தொடவில்லை, சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் நல்ல தோலையும் சேர்த்து வெட்டியெடுத்துவிட்டார்கள், அதோடு சிகிச்சை முடிந்தது. இந்த நோயில் எல்லாமே ஆழத்தில்தான் இருக்கிறது. தோலுக்குள் எத்தனை மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது என்பதை வைத்துத்தான் அடுத்து என்ன என்பதையே முடிவு செய்கிறார்கள். 1970ல் அலெக்சாண்டர் பிரெஸ்லோ என்ற டாக்டர் சொன்ன அளவீடு அது, இன்றைக்கும் அவர் பெயரிலேயே இருக்கிறது. அம்மா அப்பாவுக்கோ கூடப் பிறந்தவர்களுக்கோ மெலனோமா வந்திருந்தால் நமக்கு வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகிறது என்பதால் தோழியைக் கட்டாயம் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். அவள் தனியாகப் போகப் பயந்தாள். துணைக்குப் போன நான் என் பெயரையும் பதிந்துகொண்டேன்.

எங்கள் இருவரையும் பற்றி ஒரு வரி சொன்னால்தான் மற்றது புரியும். அவள் நல்ல வெளுப்பு, கன்னமெல்லாம் செம்புள்ளிகள், வெயிலில் பத்து நிமிடம் நின்றாலே சிவந்துவிடுவாள். நான் கருப்பு. எனக்கு இந்த நோய் வராது என்று நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கை என்ன ஆனது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

மெலனோமா என்பது தோலுக்கு நிறம் கொடுக்கிற மெலனோசைட் செல்களில் தொடங்குகிற புற்றுநோய். தோலில் வருகிற புற்றுநோய்களில் இது எண்ணிக்கையில் குறைவு, ஆனால் தோல் புற்றுநோயால் சாகிறவர்களில் பெரும்பாலோர் இதனால்தான் சாகிறார்கள், ஏனென்றால் இது சீக்கிரம் வேறு உறுப்புகளுக்குப் பரவிவிடும். 2020ல் உலகம் முழுக்கச் சுமார் 3 லட்சத்து 25 ஆயிரம் பேருக்குப் புதிதாக வந்தது, 57 ஆயிரம் பேர் இறந்தார்கள்.

சரி, கேள்விகளுக்கு வருகிறேன்.

மச்சம் எத்தனை, வலிக்கிறதா, அரிக்கிறதா என்றுதான் கேட்பார்கள் என்று நினைத்துப் போயிருந்தோம். டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "பத்து வயது வரைக்கும் எங்கே வளர்ந்தீர்கள்?" என்பது. தோழி சின்ன வயதிலேயே குடும்பத்தோடு இடம் மாறியவள், அதனால் எந்த ஊர், எத்தனை வயதில், வீடு கடலோரமா உள்நாடா, பள்ளிக்கூடத்தில் மதிய இடைவேளையில் நிழல் இருந்ததா என்று அடுக்கடுக்காகக் கேட்டார். அவளுக்குக் கொஞ்சம் எரிச்சல்கூட வந்தது. இதெல்லாம் எதற்கு என்று கேட்டேவிட்டாள். டாக்டர் பொறுமையாக விளக்கினார், எனக்கு அந்தப் பத்து நிமிடம் மறக்கவே மறக்காது.

ஆஸ்திரேலியாவில்தான் இந்தக் கேள்வியின் வேர் இருக்கிறது. உலகத்திலேயே மெலனோமா அதிகமாக வருகிற இடம் அதுவும் நியூசிலாந்தும். வடக்கு ஐரோப்பாவின் மங்கலான வெயிலுக்குப் பழகிய வெளுத்த தோல், சில தலைமுறைகளுக்குள் சுட்டெரிக்கிற வெயிலுக்குக் கீழே போய்க் குடியேறியது. தென்பாதியில் கோடைக்காலம் வரும்போது, ஜனவரியில், பூமி சூரியனுக்கு ஆகக் கிட்டே இருக்கிறது. அதனால் மட்டுமே சூரியனிலிருந்து வருகிற கதிர் வடக்கத்திக் கோடையைவிடச் சுமார் 7 சதவீதம் கூடுதல். அங்கே குடியேறியவர்களை 1980களில் ஆராய்ந்து பார்த்தார்கள். பத்து வயதுக்கு முன்னால் வந்து சேர்ந்தவர்களுக்கு, அங்கேயே பிறந்தவர்களுக்கு இருக்கிற அளவு ஆபத்து இருந்தது. பதினைந்து வயதுக்குப் பிறகு வந்தவர்களுக்கு அது வெகுவாகக் குறைந்திருந்தது. தோல் அதேதான், பூர்வீகமும் அதேதான், சின்ன வயதில் எந்த வெயிலுக்கு அடியில் ஓடியாடினார்கள் என்பதுதான் வேறு. ஒரு மனிதரின் தோலைப் பார்த்து மட்டும் எதையும் சொல்லிவிட முடியாது, அந்தத் தோல் எங்கே வாழ்ந்தது என்று கேட்டே ஆக வேண்டும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

அடுத்த கேள்வி, வெயிலில் தோல் வெந்து கொப்புளம் போட்ட அனுபவம் உண்டா, எத்தனை முறை, எந்த வயதில். தோழி விரல்விட்டு எண்ணினாள். பதினாறு வயதில் கடற்கரையில் ஒருமுறை தோள்பட்டை முழுக்கக் கொப்புளம் வந்து, குப்புறப் படுத்தே மூன்று நாள் கிடந்தாளாம், அப்புறம் தோல் தாள் தாளாக உரிந்து வந்ததாம். ஆறேழு முறை தேறியது. டாக்டர் எழுதிக்கொண்டே, பதினைந்திலிருந்து இருபது வயதுக்குள் ஐந்து முறையாவது அப்படிக் கொப்புளம் வந்த வெள்ளைத்தோல் பெண்களுக்கு மெலனோமா ஆபத்து 80 சதவீதம் கூடியிருந்ததாக ஒரு பெரிய ஆய்வு உண்டு என்றார். உரிந்து போன தோல் போய்விட்டது, அடியில் தங்கிய செல்கள் எங்கேயும் போகவில்லை. புற ஊதாக் கதிர் செல்லுக்குள் இருக்கிற டிஎன்ஏவில் பக்கத்துப் பக்கத்து எழுத்துகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடும். செல் அதைச் சரிசெய்யப் பார்க்கும், பெரும்பாலும் சரிசெய்தும்விடும், எப்போதாவது ஒன்று தப்பிவிடும். அந்தத் தப்பிய பிழை இருபது முப்பது வருடம் சும்மா கிடந்துவிட்டு எழும்பலாம்.

பிறகு வேலை. தோழி கொஞ்சம் தெம்பாகவே சொன்னாள், "நான் நாள் முழுக்க ஏசி அறைக்குள்தான் டாக்டர், வெயிலே படாது." எனக்கும் அது நல்ல செய்தி என்றுதான் பட்டது. டாக்டர் தலையை ஆட்டவில்லை. "லீவுக்கு எங்கே போவீர்கள்?" என்றார். வருடத்துக்கு இரண்டு வாரம் கடற்கரை. மெலனோமா விஷயத்தில் கவனமாகக் கேட்க வேண்டிய பதில் அதுதானாம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலோர் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறோம். வெயில் எவ்வளவு பட்டது என்ற மொத்தக் கணக்கை விட, எப்படிப் பட்டது என்பது மெலனோமாவில் பெரிய விஷயம். தினமும் வெளியில் வேலை செய்கிறவருக்கு முகம், கழுத்து, கை எல்லாம் எப்போதும் வெயிலில் காய்கிறது. அவருக்கு மற்ற வகைத் தோல் புற்றுநோய்கள் வரும் ஆபத்து அதிகம், வயதான பிறகு முகத்திலும் கழுத்திலும் மெல்ல வளர்கிற ஒருவகை மெலனோமாவும் வரலாம். ஆனால் பதினொரு மாதம் சட்டைக்குள் மூடிக் கிடந்த முதுகை, ஒரு நாளில் நான்கு மணி நேரம் உச்சி வெயிலில் காட்டினால் நிறம் ஏறித் தற்காத்துக்கொள்ளத் தோலுக்கு அவகாசமே கிடைப்பதில்லை. ஆண்களுக்கு முதுகிலும் பெண்களுக்குக் காலிலும் மெலனோமா அதிகமாக வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். தோழியின் அம்மாவுக்குக் கெண்டைக்காலில் வந்தது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

இதே காரணத்தால்தான் மெலனோமா உலக வரைபடத்தைப் பார்த்தால் வெயில் வரைபடம் மாதிரி இருக்காது. பூமத்திய ரேகையைச் சுற்றி வெயில் கொளுத்துகிற நாடுகளில் குறைவு, அங்கே பெரும்பாலோருக்குக் கருத்த தோல். ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் அடுத்து யார் என்று பார்த்தால் டென்மார்க், நெதர்லாந்து, நார்வே, ஸ்வீடன். வருடத்தில் பாதி நாள் சூரியனே சரியாக எட்டிப் பார்க்காத நாடுகள்! வெளுத்த தோல், வெயிலுக்கு ஏக்கம், விமான டிக்கெட் மலிந்தபிறகு தெற்கே கடற்கரைகளில் விடுமுறை, எல்லாம் சேர்ந்துகொண்டன. ஐரோப்பாவுக்குள்ளேயே வெயில் அதிகமான தெற்கை விட வடக்கில்தான் கூடுதல். இதை டாக்டர் ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டினார். நான் அந்தத் தாளைக் கேட்டு வாங்கி வந்துவிட்டேன்.

என்னிடம் வந்தபோது கேள்வி மலைப்பக்கம் திரும்பியது. நான் நான்கு வருடம் உயரமான மலை ஊரில் வேலை பார்த்தவள். எப்போதும் குளிர், ஸ்வெட்டர் போடாத நாள் இல்லை, வெயில் சுடுகிறது என்று ஒருநாளும் தோன்றியதில்லை. உதடும் கன்னமும் மட்டும் கருத்துப்போயின, குளிர் அடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சூட்டுக்கும் புற ஊதாக் கதிருக்கும் சம்பந்தமே இல்லை என்று அன்றைக்குத்தான் ஒழுங்காகப் புரிந்தது. நமக்கு உறைக்கிற சூடு வேறு கதிர், தோலை உள்ளே கெடுக்கிற கதிரைக் கண்ணாலும் பார்க்க முடியாது, தொட்டும் உணர முடியாது. ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் ஏறும்போதும் புற ஊதாக் கதிர் 10 சதவீதம் போலக் கூடுகிறது, தடுத்து நிறுத்தக் காற்று மெலிந்துபோவதால். புதுப்பனி விழுந்து கிடந்தால் அது 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும், அதாவது மேலே இருந்தும் வருகிறது கீழே இருந்தும் வருகிறது, தொப்பி போட்டாலும் தாடைக்கு அடியில் பிடிக்கும். காய்ந்த கடற்கரை மணல் 15 சதவீதம், கடல் நுரை 25. தண்ணீருக்குள் இருந்தால் தப்பித்தோம் என்று நினைக்கிறோமே, அரை மீட்டர் ஆழத்திலும் மேலே இருப்பதில் 40 சதவீதம் வந்து சேர்கிறது. மெல்லிய மேகம் ஒன்றும் பெரிதாகத் தடுப்பதில்லை. மேகமூட்டமான நாளில் கடற்கரைக்குப் போய்ச் சிவந்து திரும்புகிறவர்கள் எத்தனை பேர்!

சூட்டை நம்ப முடியாதென்றால் எதை நம்புவது? யூவி இண்டெக்ஸ், அதாவது புற ஊதாக் கதிர் எவ்வளவு கடுமையாக இருக்கிறது என்று சொல்கிற எண். 1992ல் கனடாவில் தொடங்கியது, இப்போது உலகம் முழுக்க ஒரே அளவுகோல், போனில் வானிலை பார்க்கிற இடத்திலேயே பெரும்பாலும் இருக்கும், வெப்பநிலையைப் பார்த்துவிட்டு அதைத் தாண்டிப் போய்விடுகிறோம். 3 வந்தாலே பாதுகாப்பு வேண்டும், 8 என்றால் மிக அதிகம், 11ஐத் தொட்டாலே உச்சம். அன்றையிலிருந்து நான் காலையில் முதலில் பார்க்கிற எண் அதுதான். ஒரு நாளின் மொத்தப் புற ஊதாக் கதிரில் சுமார் 60 சதவீதம் காலை பத்திலிருந்து மதியம் இரண்டுக்குள் வந்துவிடுகிறது, அந்த நான்கு மணி நேரத்தில் வெளியே போவதை வேறு நேரத்துக்கு நகர்த்திக்கொண்டாலே பாதிக்கு மேல் தவிர்த்துவிடலாம்.

ஜன்னலைப் பற்றியும் கேட்டார், வேலை மேஜை ஜன்னலோரமா, தினமும் கார் ஓட்டுகிறீர்களா என்று. புற ஊதாவில் யூவிஏ, யூவிபி என்று இரண்டு வகை நம்மை வந்தடைகிறது. சாதாரணக் கண்ணாடி, தோலைச் சிவக்கவைக்கிற யூவிபியை நிறுத்திவிடும், அதனால் கண்ணாடிக்குப் பின்னால் தோல் சிவக்காது, ஆனால் யூவிஏ உள்ளே வரும். பூமிக்கு வந்து சேருகிற புற ஊதாவில் 95 சதவீதம் இந்த யூவிஏதான். இருபத்தெட்டு வருடம் லாரி ஓட்டிய ஒருவரின் முகப் படம் 2012ல் ஒரு மருத்துவ இதழில் வந்தது, ஜன்னல் பக்கத்துக் கன்னம் ஆழமான சுருக்கம் விழுந்து வயதாகித் தொங்குகிறது, மறுபக்கம் அவ்வளவு இல்லை. ஒரே மனிதர், ஒரே முகம். அது புற்றுநோய் இல்லை, தோல் முதுமை, ஆனாலும் கண்ணாடி வழியாக வருவது ஒன்றும் செய்யாது என்று இனி யாரும் என்னிடம் சொல்ல முடியாது.

டேனிங் படுக்கையில், அதாவது தோல் நிறத்தை ஏற்றிக்கொள்ளப் புற ஊதா விளக்குக்கு அடியில் படுக்கிற படுக்கையில், எப்போதாவது படுத்ததுண்டா என்று இருவரையும் கேட்டார், இல்லை. 2009ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை அதை உறுதியான புற்றுநோய்க் காரணிகள் பட்டியலில், புகையிலை இருக்கிற அதே பிரிவில் சேர்த்தது. அதே வருடம் பிரேசில் அழகுக்காக அதைப் பயன்படுத்துவதையே மொத்தமாகத் தடை செய்தது. விமானத்தில் வேலை பார்த்தீர்களா என்றும் ஒரு கேள்வி. விமானிகளுக்கும் பணிப்பெண்களுக்கும் மெலனோமா மற்றவர்களைவிட இரண்டு மடங்கு காணப்படுகிறது. பழைய டிரான்ஸ்பார்மர் எண்ணெயில் இருந்த பிசிபி என்ற ரசாயனத்தோடு வேலை செய்ததுண்டா என்றும் கேட்டார், அதுவும் மெலனோமாவோடு தொடர்புள்ளது என்று 2013ல் உறுதி செய்திருக்கிறார்கள். இதெல்லாம் சேர்ந்து முக்கால் மணி நேரம் ஆனது.

பரிசோதனை நன்றாகவே நடந்தது. தனி அறை, கதவு சாத்தியிருந்தது, கூடவே ஒரு நர்ஸ் அம்மா நின்றார், உடம்பில் பார்க்கிற பகுதியைத் தவிர மற்றதைத் துணியால் மூடியே வைத்திருந்தார்கள். பெண்கள் கூச்சப்படாமல் போகலாம். டெர்மாஸ்கோப் என்பது உள்ளங்கையில் அடங்குகிற ஒரு லென்ஸ், விளிம்பில் விளக்கு, பத்து மடங்கு பெரிதாகக் காட்டும். தோழியின் முதுகில் மட்டும் நாற்பதுக்கு மேல் மச்சம், உடம்பு முழுக்க நூறைத் தாண்டியது. நூறுக்கு மேல் மச்சம் உள்ளவர்களுக்கு, பதினைந்துக்கும் குறைவாக உள்ளவர்களைவிட ஆபத்து ஏழு மடங்கு வரை. அதே சமயம் மெலனோமாக்களில் முக்கால்வாசிக்குக் கிட்டே, ஏற்கெனவே இருந்த மச்சத்திலிருந்து வருவதில்லை, வெறும் தோலில் புதிதாக முளைக்கின்றன. ஆகவே பழைய மச்சத்தையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் போதாது, நேற்று இல்லாதது இன்றைக்கு வந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பாதிக்குப் பாதி ஒத்துப்போகாத வடிவம், கிழிந்த காகிதம் மாதிரி ஓரம், ஒரே புள்ளியில் இரண்டு மூன்று நிறம், ஆறு மில்லிமீட்டருக்கு மேல் அகலம், இவற்றை எல்லாம் விட மேலாக மாறிக்கொண்டே இருப்பது, இவைதான் அடையாளம். நர்ஸ் அம்மா இதையே எளிதாகச் சொன்னார்: "கூட்டத்தில் ஒட்டாத மாதிரி ஒன்று இருக்குமில்லையா, அதைக் காட்டும்மா."

என் முறை வந்தது. முதுகு, கை, காதுக்குப் பின்னால் எல்லாம் சீக்கிரம் முடிந்துவிட்டது. அப்புறம் டாக்டர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு என் காலடியில் உட்கார்ந்தார். விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தார். இடது குதிகாலில் ஒரு பழுப்புப் புள்ளி, மிளகைவிடச் சின்னது, எனக்கே தெரியாது. லென்ஸை வைத்துத் திரையில் காட்டினார். கைரேகை மாதிரி உள்ளங்காலிலும் வரப்பும் வாய்க்காலுமாக ரேகைகள் ஓடுகின்றன. நிறம் வாய்க்காலில் ஓடினால் பெரும்பாலும் சாதாரண மச்சம், வரப்பின் மேல் படிந்திருந்தால் உஷாராக வேண்டும். எனக்கு வாய்க்காலில், மெல்லிய பழுப்புக் கோடுகளாக, ஒழுங்காக ஓடியது. திரையில் அதைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த அரை நிமிடம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

கருத்த தோலுக்கு மெலனோமா வராது என்ற என் நம்பிக்கை அங்கே உடைந்தது. தோலுக்குக் கருப்பு நிறம் தருகிற மெலனின் நமக்கு வெயிலிலிருந்து நல்ல பாதுகாப்புத் தருகிறது, அது உண்மை, வெளுத்த தோலோடு ஒப்பிட்டால் நமக்கு இந்த நோய் மிகவும் குறைவு. ஆனால் வரும்போது பெரும்பாலும் உள்ளங்காலில், உள்ளங்கையில், நகத்துக்கு அடியில் வருகிறது, அதாவது வெயில் படாத இடத்தில். இந்த வகைக்கு வெயில் காரணமில்லை. பாடகர் பாப் மார்லிக்குக் கால் விரல் நகத்தடியில் 1977ல் கண்டுபிடித்தது இதைத்தான், 1981ல் 36 வயதில் இறந்துபோனார். கருத்த தோல்காரர்களுக்கு எண்ணிக்கை குறைவாக இருந்தும், முற்றிய நிலையில் கண்டுபிடிக்கப்படுவது அதிகம், ஏனென்றால் நாமும் பார்ப்பதில்லை, பல நேரம் டாக்டரும் காலைப் பார்ப்பதில்லை. என் செருப்பைக் கழற்றச் சொல்லி, ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தார் பாருங்கள், அந்த ஒரு காரியத்துக்காகவே இந்த இடத்தை யாருக்கும் தைரியமாகச் சொல்வேன்.

இப்போது குறைகள். நகப்பூச்சை அழித்துவிட்டு வாருங்கள் என்று முன்கூட்டியே யாரும் சொல்லவில்லை. நான் பூசிக்கொண்டு போனேன், பத்து நகமும் பார்க்கப்படாமலே போயின, அதற்காக மறுபடி ஒருநாள் லீவு போட்டுப் போக வேண்டியிருந்தது. நகத்தடியில் வருகிற வகையைப் பற்றி அவ்வளவு விளக்கிவிட்டு இதைச் சொல்லாமல் விட்டது பெரிய தவறு, அங்கேயே சொல்லிவிட்டும் வந்தேன். தலைமுடியை வகிடு வகிடாக விலக்கிப் பார்ப்பதையும் தோழி கேட்ட பிறகுதான் செய்தார்கள். அடுத்தது, அந்தக் கம்ப்யூட்டர் மதிப்பெண். படம் எடுத்த உடனே இயந்திரம் ஒவ்வொரு மச்சத்துக்கும் ஒரு எண் போட்டுத் திரையில் காட்டுகிறது, அதை நோயாளி பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். தோழி ஒரு பெரிய எண்ணைப் பார்த்துவிட்டு நடுங்கிப்போனாள். டாக்டர் வந்து லென்ஸில் பார்த்து, அது வயதானால் வருகிற சாதாரண மருவளர்ச்சி என்று சொல்ல இருபது நிமிடம் ஆனது. அம்மாவுக்குப் புற்றுநோய் வந்த ஒரு பெண்ணுக்கு அந்த இருபது நிமிடம் எப்படிப் போயிருக்கும்? எண்ணை டாக்டர் மட்டும் பார்க்கட்டும். கடைசியாக, வெளியே வரும்போது வரவேற்பு மேஜையில் சன்ஸ்கிரீன் வாங்கச் சொல்லி விடாமல் நச்சரித்தார்கள். சிகிச்சை தருகிற இடத்தில் அது உறுத்துகிறது.

சன்ஸ்கிரீன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நாம்பூர் என்ற ஊரில் 1992ல் 1621 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்குத் தினமும் பூசச் சொன்னார்கள், மற்றவர்களை அவரவர் இஷ்டத்துக்கு விட்டுவிட்டார்கள். நான்கரை வருடம் பூசினார்கள், அதன்பிறகும் பத்து வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். தினமும் பூசியவர்களில் 11 பேருக்கு மெலனோமா, மற்றவர்களில் 22 பேருக்கு. பாதி! ஆனால் பூசுகிற அளவில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறோம். டப்பாவில் போட்டிருக்கிற எஸ்பிஎஃப் எண், அதாவது வெயிலை எவ்வளவு தடுக்கும் என்று சொல்கிற எண், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு இரண்டு மில்லிகிராம் பூசிச் சோதித்தது. நாம் அதில் கால்வாசியோ பாதியோதான் பூசுகிறோம், அதனால் 50 என்று எழுதியிருப்பது நம் முகத்தில் 50 ஆக இருப்பதில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும், நீந்தினால் உடனே. பூசிக்கொண்டோம் என்ற தைரியத்தில் இன்னும் இரண்டு மணி நேரம் கூடுதலாக வெயிலில் கிடப்பதற்கு அது அனுமதி இல்லை. நிழல், முழுக்கைச் சட்டை, அகல விளிம்புத் தொப்பி முதலில், மூட முடியாத இடத்துக்குச் சன்ஸ்கிரீன். ஆஸ்திரேலியாக்காரர்கள் 1981லேயே சட்டையை மாட்டு, கிரீமைப் பூசு, தொப்பியைப் போடு என்று ஒரு கடல்புறாவை வைத்துப் பாட்டுப் பாடிக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அதில் சட்டைதான் முதலில் வருகிறது.

ரிப்போர்ட் வர மூன்று வாரம் ஆனது, அது கொஞ்சம் அதிகம். எனக்கு ஒன்றுமில்லை, குதிகால் புள்ளியை மட்டும் மாதம் ஒருமுறை பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். தோழியின் தோள்பட்டையில் ஒன்றை வெட்டி பயாப்ஸிக்கு அனுப்பினார்கள், கொப்புளம் போட்ட அதே தோள். மெலனோமா இல்லை, ஒழுங்கில்லாமல் வளர்ந்த மச்சம், முழுதாக எடுத்தாகிவிட்டது. கெண்டைக்காலில் இன்னொன்றை இப்போதைக்கு விட்டுவைத்து, மூன்று மாதம் கழித்து அதே கோணத்தில் மறுபடி படம் எடுத்துப் பார்க்கலாம் என்று தேதி கொடுத்திருக்கிறார்கள். நானும் கூடப் போகிறேன், இந்த முறை நகப்பூச்சு இல்லாமல். கடற்கரைக்கு டிக்கெட் போட்டிருந்தாளே என்று கேட்டேன். போகிறாளாம், மாலை நான்கு மணிக்கு மேல்தான் மணலில் இறங்குவதாக அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள்.